செடித் தொட்டியில் கலங்கல்: ஈஸ்ட் பாட்டிலா, சிட்ரிக் பாட்டிலா?

"அண்ணே, கேஸ் குடுக்கத் தொடங்கின பிறகுதான் தண்ணி பாலு மாதிரி கெடக்கு." நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் செடி வைத்து மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. செடி செழிக்கத் தொட்டிக்குள் விடும் கேஸ் கார்பன் டை ஆக்சைடு; பழி உடனே அதன் மேல் விழுகிறது. ஆனால் அந்த வாயு தண்ணீரில் கரைந்தால் நிறம் வராது, கலங்கலும் வராது. சோடா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். கலக்குவது வாயுவோடு சேர்ந்து உள்ளே வந்த வேறொன்று. இல்லையென்றால் அதே வாரத்தில் தொட்டியில் நடந்த வேறொரு மாற்றம். அது எது என்று தெரியாமல் கடைக்குப் போய் மருந்து வாங்குவது வீண் செலவு.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்திலேயே குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர் இருக்கட்டும். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த நாட்களில் குழாயிலேயே கலங்கல் வருவது உண்டு. அரை மணி நேரத்தில் டம்ளரின் அடியில் படிந்தால் அது மண் தூசி. படியாமல் வெள்ளையாக மிதந்தால் பாக்டீரியா. பச்சை சாயல் இருந்தால் மிதக்கும் பாசி. தெளிவாக, ஆனால் கட்டன் சாயா நிறத்தில் இருந்தால் மரக்கட்டையிலிருந்து இறங்கிய சாயம். மீனுக்குக் கெடுதல் இல்லை, கட்டையை வேக வைத்தால் குறையும். இன்னொன்றும் உண்டு. கேஸ் குழாயின் நுனியில் வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கும் டிஃப்யூசர் விடும் நுண்குமிழிகளே பனிமூட்டம் போலத் தெரியும். கேஸ் குழாயை ஒரு மணி நேரம் வெளியே எடுத்துவிடுங்கள். தொட்டி தெளிந்துவிட்டால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

ஈஸ்ட்டோ சிட்ரிக் ஆசிட்டோ போட்டு வீட்டிலேயே பாட்டிலில் இந்த கேஸைத் தயாரிப்பவர்களை அதிகம் படுத்துவது அந்த வெள்ளைக் கலங்கல்தான். அங்கேதான் இரண்டு பாட்டில்களும் பிரிகின்றன.

ஈஸ்ட் பாட்டில் எளிது. 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், 200 கிராம் சீனி, ஆப்ப மாவுக்குப் போடுகிற உலர் ஈஸ்ட் கால் டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர். ஈஸ்ட் சீனியைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடுகிறது. சிக்கல் நுரையில் இருக்கிறது. பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பினால், நுரை மேலேறி, குழாய் வழியாகவே தொட்டிக்குள் இறங்கிவிடும். சீனி, ஆல்கஹால், ஈஸ்ட் மூன்றும் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. அப்புறம் மறுநாளே தொட்டி வெள்ளையாகிவிடும். டிஃப்யூசர் முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளையாக, வழவழவென்று சளி போல ஏதாவது ஒட்டியிருந்தால் பாட்டிலிலிருந்து ஏதோ கசிகிறது என்று சந்தேகப்படலாம்.

நம் ஊர் வெயில் இதைக் கூட்டுகிறது. பங்குனி, சித்திரையில் ஈஸ்ட் வெறிபிடித்தது போல வேலை செய்யும். முதல் சில நாட்கள் குமிழி கொட்டும், பிறகு சட்டென்று ஓய்ந்துவிடும். பாட்டிலை ஒரு வாளித் தண்ணீரில் நிற்க வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று கேட்கிறார்கள். கருப்பட்டி கைக்கெட்டும் ஊர்தான், ஆனாலும் இந்த வேலைக்கு வேண்டாம். அதில் சீனி அல்லாத சரக்கு நிறைய இருப்பதால் நுரை அதிகம்.

சிட்ரிக் பாட்டில் கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு பாட்டிலில் சிட்ரிக் ஆசிட் கரைசல், இன்னொன்றில் ஆப்ப சோடா. இரண்டையும் இணைக்கும் மூடி, அழுத்தமானி, வாயுவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வு எல்லாம் செட்டாகக் கிடைக்கிறது. ஆசிட் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவுக்குள் போய் வாயு உண்டாகிறது. பேக்கிங் பவுடரைச் சோடா என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அதில் மாவு கலந்திருக்கும். பாட்டில் கூல்டிரிங்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டிலாகவே இருக்கட்டும். கண்ணாடி பாட்டிலோ தண்ணீர் பாட்டிலோ அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

வாயு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். 200 கிராம் சீனி முழுவதும் புளித்தால் சுமார் 100 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 200 கிராம் ஆப்ப சோடாவோடு 150 கிராம் சிட்ரிக் ஆசிட் சேர்ந்தாலும் அதே 100 கிராம்தான். நடைமுறையில் ஈஸ்ட் சீனியை மிச்சம் வைத்துவிட்டு ஓயும் என்பதால் அது கொஞ்சம் குறையும். செலவில் சீனிதான் மலிவு. ஆனால் கட்டுப்பாடு சிட்ரிக் கையில். இரவில் வால்வை மூடலாம். ஈஸ்ட்டை மூட முடியாது, மூடினால் பாட்டில் வெடிக்கும். விளக்கு அணைந்த பிறகு செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். கலங்கலாகப் பெருகிய பாக்டீரியாவும் அதையே எடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் இதுதான். ஈஸ்ட் வைத்திருப்பவர்கள் ராத்திரியில் ஏர் பம்ப் ஓடவிட வேண்டும், இல்லையென்றால் கேஸ் குழாயை வெளியே எடுத்துப் போட வேண்டும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், ஈஸ்ட் நிற்காது. இந்த ஒன்றுக்காகவே பெரிய தொட்டி வைத்திருப்பவர்களை சிட்ரிக் பக்கம் போகச் சொல்வேன்.

ஆனால் கலங்கலுக்குப் பயந்து மட்டும் ஈஸ்ட்டை விட வேண்டியதில்லை. நடுவில் ஒரு சின்னப் பாட்டில் போதும். பாதி தண்ணீர் நிரப்பி, ஈஸ்ட்டிலிருந்து வரும் குழாயை அந்தத் தண்ணீருக்குள் விடுங்கள். தொட்டிக்குப் போகும் குழாய் அந்தத் தண்ணீருக்கு மேலே காலியாக இருக்கும் இடத்திலிருந்து கிளம்பட்டும். நுரை அதிலேயே தங்கிவிடும், குமிழியையும் எண்ணலாம். அந்தத் தண்ணீரில் கள் வாடை வந்தால் மாற்றுங்கள். பெரிய பாட்டிலில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்காமலிருக்க ஒரு செக் வால்வும் போட்டுவிடுங்கள். இந்தத் தடுப்பு சிட்ரிக்குக்கும் வேண்டும், அதில் உருவாகும் சோடியம் சிட்ரேட்டும் பாக்டீரியாவுக்குத் தீனிதான்.

சரி, ஏற்கெனவே கலங்கிவிட்ட தொட்டியை என்ன செய்வது? தினமும் தண்ணீரை மாற்றுவதா, சும்மா விடுவதா? பாட்டில் திரவம் உள்ளே போனது உறுதி என்றால் தாமதிக்காமல் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்; தீனியை வெளியேற்றினால்தான் பாக்டீரியா அடங்கும். அது இல்லாமல் புதிதாக வைத்த தொட்டி என்றாலோ, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகு வந்த கலங்கல் என்றாலோ காத்திருப்பதே மேல். மீன் தீனியைக் குறைத்து, காற்றைக் கூட்டி, ஃபில்டரில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு வைத்தால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தெளியும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும். அதனால் ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

படிகாரம் போட்டால் உடனே தெளியுமே என்பார்கள் பெரியவர்கள். கிணற்றுத் தண்ணீருக்கும் குடத்துக்கும் அது சரி. மீன் இருக்கும் தொட்டியில் வேண்டவே வேண்டாம். பேச்சிப்பாறை, முக்கடல் பக்கத்து மலைத் தண்ணீர் மென்மையானது, அமிலத்தைத் தாங்கும் உப்பு அதில் குறைவு. கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே பி.ஹெச்.சை இறக்கி (அதாவது தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டி) வைத்திருக்கும். படிகாரம் இன்னும் இறக்கும். அமிலத் தண்ணீரில் கரையும் அலுமினியம் மீனின் செவுளைக் கெடுக்கும். தேத்தாங்கொட்டை அவ்வளவு முரடில்லை, மண் கலங்கலை நன்றாகப் படிய வைக்கும். ஆனால் அதுவும் விதைச் சத்துதான், தொட்டிக்குள் பாக்டீரியாவுக்கு இன்னொரு வேளை சாப்பாடு. மழைக்காலத்துக் குழாய்த் தண்ணீரை ஒரு டிரம்மில் ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு மேல் தண்ணீரை எடுப்பதுதான் நல்லது.

பச்சைக் கலங்கலுக்குப் போட்டி இருட்டுக்கும், தண்ணீரைத் தன் உறைக்குள் ஓடவிட்டு அதில் புற ஊதாக் கதிர் பாய்ச்சும் யூ.வி. விளக்குக்கும். மூன்று நான்கு நாள் விளக்கை அணைத்து, கறுப்புத் துணியால் தொட்டியைச் சுற்றி மூடினால் மிதக்கும் பாசி பெரும்பாலும் அழியும். கேஸையும் அந்த நாட்களில் நிறுத்தி, காற்று விட வேண்டும். காசு செலவில்லை, செடிகள் மட்டும் கொஞ்சம் வாடும். யூ.வி. விளக்கு செடியைத் தொடாமல் பாசியையும் மிதக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். விலை அதிகம், ஆனால் மேற்கு ஜன்னலோரம் தொட்டி வைத்து அதை நகர்த்த இடமில்லாத வீட்டுக்கு அது வாங்கத் தகுந்தது. இரண்டில் எதைச் செய்தாலும் விளக்கு நேரத்தை ஆறு, ஏழு மணிக்குக் குறைக்கவில்லை என்றால் பச்சை திரும்பி வரும்.

இரண்டடிக்குள் இருக்கும் தொட்டி என்றால் நடுப் பாட்டில் வைத்த ஈஸ்ட்டே போதும் என்பது என் கருத்து. மூன்றடி, அடர்த்தியான செடிகள், மீனும் நிறைய என்றால் சிட்ரிக் வாங்குங்கள், வால்வை விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடுங்கள். எந்தப் பாட்டிலானாலும் புது கலவை போட்ட முதல் நாள், குழாயைத் தொட்டியில் விடாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மாலையிலும் அந்த டம்ளர் தெளிவாக இருந்தால் தொட்டிக்கு மாற்றலாம்.