ஆபீஸுக்கு வைஃபை போடப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ். 22 பேர், இரண்டு தளம். கீழே அக்கவுண்ட்ஸும் மெர்ச்சண்டைசிங்கும், மேலே சாம்பிள் ரூம். மேலே வைஃபை எட்டாது, பையர் வீடியோ காலில் வந்தால் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடிவந்து காட்ட வேண்டும். அதனால் தெரிந்தவர் மூலமாக ஒருவரைப் பிடித்தோம். "நாலு ஆக்சஸ் பாயிண்ட் போட்டுட்டா மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் வரும், செக்யூரிட்டியும் பக்கா" என்றார். ஆக்சஸ் பாயிண்ட் என்பது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக விடும் பெட்டி. 68,000 ரூபாய் கோட்டேஷன், அதில் 50,000 கொடுத்துவிட்டோம்.

போன் எல்லாவற்றிலும் சிக்னல் கோடு முழுசாகத் தெரிந்தது. ஆனால் மேலே வீடியோ கால் முன்பைவிட மோசம், கீழே பாதிப் பேருக்கு தினமும் காலையில் பிரிண்டர் கிடைக்காது, நெட்டும் வராது. போன் செய்தால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்பதோடு சரி.

உண்மை தெரிந்தது நூல் கம்பெனியிலிருந்து வந்த ஒரு தம்பியால். ரிசப்ஷனில் காத்திருந்தவர் வைஃபை பாஸ்வேர்டு கேட்டார், கொடுத்தோம். ஐந்து நிமிஷத்தில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்: "அண்ணா, உங்க காஸ்டிங் ஃபோல்டர் இதுல தெரியுதுங்க." எந்த பையருக்கு எந்த பீஸ் என்ன விலை என்று இருக்கும் ஃபோல்டர் அது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் நல்லவர், சொன்னார். அதற்கு முன் எத்தனை பேர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார்களோ.

அன்று சாயங்காலமே நெட்வொர்க் வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்து ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். நாலில் ஒன்றுதான் நிஜமான ஆக்சஸ் பாயிண்ட், ரிசப்ஷனில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பது. இரண்டு, பிளக்கில் செருகும் வெறும் ரிப்பீட்டர். நாலாவது வீட்டில் வைக்கிற சாதாரண ரவுட்டர், டையால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஆக்சஸ் பாயிண்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து (நெட் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனியாக கேபிள் வர வேண்டும். இந்த ரிப்பீட்டருக்கு கேபிள் கிடையாது, காற்றில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி விடுவதால் வேகம் அங்கேயே பாதியாகிவிடும், எங்கள் இரண்டாவது ரிப்பீட்டரோ முதல் ரிப்பீட்டரிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் கோடு மட்டும் முழுசாகக் காட்டும். அந்த வீட்டு ரவுட்டரில் டிஹெச்சிபியை, அதாவது கம்ப்யூட்டர்களுக்குத் தானாக நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வசதியை, அணைக்கவே இல்லை. மெயின் ரவுட்டர் 192.168.1 என்று முகவரி கொடுக்க, இது 192.168.0 என்று கொடுக்க, காலையில் எது முந்துகிறதோ அதன் முகவரி கம்ப்யூட்டருக்கு. தப்பான முகவரி கிடைத்தவர்களுக்குத்தான் பிரிண்டரும் நெட்டும் போயிருக்கிறது.

ரிசப்ஷன் ஆக்சஸ் பாயிண்ட் அடிக்கடி தானாக அணைந்து எழுந்ததற்கும் காரணம் கிடைத்தது. நாங்கள் வரவழைத்தவர் கேபிள் நுனியை பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம்! மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது, அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், நீளமான கேபிளில் சாதனத்துக்கு வேண்டிய மின்சாரம் போய்ச் சேராது. பில்லில் போட்டிருப்பது சுத்தச் செம்பு கேட்6 வகை நெட்வொர்க் கேபிள்.

செக்யூரிட்டி பக்கா என்றாரே, ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டு 'அட்மின்' என்றே இருந்தது. டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனோ பின் நம்பரோ வைத்து வைஃபையில் சேரும் வசதி, திறந்தே கிடந்தது. அதன் 8 இலக்கப் பின் நம்பரை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளிவந்த விஷயம். வருகிறவர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒரே நெட்வொர்க், ஒரே பாஸ்வேர்டு.

இப்போது புதிய ஆளை வைத்து மூன்று ஆக்சஸ் பாயிண்ட், மூன்றுக்கும் தனித்தனி கேபிள், கேபிள் நுனியை என் கண் முன்னால் சுரண்டிக் காட்டிய பிறகுதான் இழுத்தார். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாதபடி 1, 6, 11 என்று சேனல் பிரித்திருக்கிறார். விருந்தினர் வைஃபை தனி விலானில் (அதே கருவிகளுக்குள் தனியாகப் பிரித்து வைத்த நெட்வொர்க்), அதில் சேர்ந்தால் நெட் மட்டும் வரும், நம் கம்ப்யூட்டர் எதுவும் தெரியாது. அட்மின் பாஸ்வேர்டு என் கையில்.

பழைய ஆளின் மீதி 18,000ஐ நிறுத்தி வைத்திருக்கிறோம், ஆனால் கொடுத்த 50,000 வரவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை. அவருடைய கோட்டேஷனில் 'ஆக்சஸ் பாயிண்ட் – 4' என்று மட்டும்தான் இருந்தது, மாடல் நம்பரே கிடையாது. உங்கள் கையில் அப்படி ஒரு கோட்டேஷன் இருந்தால் அட்வான்ஸை இன்றே நிறுத்திவிட்டு மாடல் நம்பரை எழுதி வாங்குங்கள்.