தென்னையைச் சாய்க்க: நேர்க்கயிறா, இரட்டைக் கயிறா, பக்கக் கப்பியா?

பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு 2018 நவம்பர் 16-க்குப் பிறகு வின்ச் (கயிற்றையோ கம்பியையோ கைப்பிடி ஆட்டி இழுக்கும் பொறி) என்பது மண்வெட்டி, கடப்பாரை மாதிரி வீட்டுச் சாமான் ஆகிவிட்டது. அன்றைய கஜா புயலில் விழுந்த மரங்களை அறுத்து லாரியில் ஏற்றி முடித்தோம். பாதி சாய்ந்து, தூர் கிளம்பி, சாகாமலும் காய்க்காமலும் நின்ற மரங்கள்தான் அப்புறம் உயிரை வாங்கின. இதோடு தஞ்சாவூர் வாடல் என்ற பூசண நோய் வேறு. அது பிடித்த மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டால் வேலை முடியாது, பூசணம் தூரிலும் வேரிலும்தான் குடியிருக்கிறது, தூரோடு பெயர்த்து அழிக்க வேண்டும். (அந்த நோய்க்கு நம் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டதும் 1952 புயலில் அடிபட்ட தஞ்சாவூர்த் தோப்புகளில் அதைக் கண்ட பிறகுதான்.) ஆகவே ரம்பம் இருந்தாலும் இழுவை தேவைப்படுகிறது.

எங்கள் பக்கம் டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் "எத்தனை டன் வின்ச்?" என்றுதான் முதல் கேள்வி வரும். கயிற்றை எந்த உயரத்தில் கட்டினாய், இழுக்கும்போது நீ எங்கே நின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் உயரத்தைப் பார்ப்போம். 50 அடி மரம், வின்ச் 80 அடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை 40 அடி உயரத்தில் கட்டி ஒரு டன் இழுத்தால் தூரில் என்ன திருகு (மரத்தைப் புரட்டும் பலம்) விழுமோ, அதே திருகு 10 அடி உயரத்தில் கட்டினால் வர மூன்றரை டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும். அதற்காக ஒரேயடியாகக் கொண்டைக்குக் கீழே கழுத்தில் கட்டிவிடாதீர்கள். தென்னையில் உச்சிப்பகுதிதான் இளசு, கழுத்து முறிந்து கொண்டை மட்டும் தனியாக வரும், மரம் அப்படியே நிற்கும். ஐந்தாறு அடி இறக்கிக் கட்டினால் போதும்.

அங்கே யார் ஏறுவது? தூர் உளுத்த மரத்தில் தளைநார் போட்டு ஏற எந்த மரமேறியும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொண்டாலும் நாம் ஏறவிடக் கூடாது. துறட்டிக் கழியின் நுனியில் சுருக்குக் கண்ணியை மாட்டி, தரையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளலாம். 20 அடி வரை எட்டும். 40 அடியில் கட்டுவதோடு ஒப்பிட்டால் பாதிப் பலம்தான், ஆனால் ஆள் தரையில் இருக்கிறார். மிச்சப் பலத்துக்கு மண்வெட்டி இருக்கிறது. மரம் விழ வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் தோண்டி, பிடித்துக்கொண்டிருக்கும் வேர்களை அறுத்துவிட்டால் வின்ச் பாதி வேலைதான் செய்ய வேண்டியிருக்கும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. கார்த்திகையில் வண்டல் ஊறிக் கிடக்கும்போது அதுகூட வேண்டாம், தூர் சேற்றிலிருந்து முளைக்குச்சி மாதிரி வரும்.

நேர்க்கயிறு என்பது மரம், கயிறு, வின்ச் மூன்றும் ஒரே கோட்டில் இருப்பது. கப்பி வேண்டாம், கணக்கு வேண்டாம், பத்து நிமிஷத்தில் கட்டிவிடலாம். ஆனால் மரம் யாரை நோக்கி விழுகிறது? கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருப்பவரை நோக்கி. 50 அடி மரத்துக்கு 75 அடியாவது தள்ளி நிற்க வேண்டும், கட்டும் கயிறு அதைவிட நீளம் வேண்டும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் பல்சக்கரக் கைவின்ச்சில் கம்பி சில அடிதான் இருக்கும். மீதிக்குக் கயிறு சேர்க்கச் சோம்பல்பட்டு, ஆள் கிட்டே வந்து நிற்கிறார். அப்படி நின்று பார்த்திருக்கிறேன், நானே நின்றிருக்கிறேன். கிட்டே வந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 40 அடி உயரத்தில் கட்டி 40 அடி தள்ளி நின்றால் இழுவையில் பக்கவாட்டுக்குப் போவது 70 சதவீதம்தான், 80 அடிக்குப் போனால் 90 சதவீதத்துக்குப் பக்கம். திறந்த வெளியில், நீளக் கயிறு இருந்தால் நேர்க்கயிறு நல்ல முறைதான். 25 அடிக்கு ஒரு மரம் நட்ட தோப்புக்குள் எனக்கு அது ஒத்துவரவில்லை.

இரட்டைக் கயிறு: மரத்தில் ஒரு கப்பியைத் தொங்கவிட்டு, வின்ச் கயிற்றை அதன் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து, வின்ச் பக்கமே வேறொரு மரத்தில் கட்டிவிடுவது. வின்ச் ஒரு டன் இழுத்தால் மரத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன் (கப்பி உராய்வில் கொஞ்சம் போகும்). கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் இரண்டு மடங்கு கயிறு வேண்டும், மரம் பாதி வேகத்தில்தான் நகரும். இதையெல்லாம்விட என்னை உறுத்துவது, கையில் பாரம் தெரியாமல் போய்விடுவதுதான். கைப்பிடி லேசாக ஆடும், மேலே கண்ணியும் கப்பியும் இரண்டு டன்னில் முறுகிக்கொண்டிருக்கும். கம்பியை வாயில் கவ்விக் கவ்வி இழுக்கும் டிர்ஃபர் வகை வின்ச்சில் பாரம் மிஞ்சினால் ஒடிவதற்கென்றே ஒரு பின் வைத்திருப்பார்கள். அது வின்ச்சுக்கு வரும் பாரத்தைத்தான் அறியும், மரத்தில் விழும் பாரம் அதற்குத் தெரியாது. வேரை அறுத்தும் அசையாத பெருமரத்துக்கு மட்டும் இதை எடுங்கள்.

பக்கக் கப்பிக்கு வருகிறேன், நான் இப்போது பெரும்பாலும் கட்டுவது இதைத்தான். மரம் விழும் திசையில், மரத்தின் உயரத்தைத் தாண்டி நிற்கும் வேறொரு மரத்தின் தூரில் கப்பியைக் கட்டி, கயிற்றை அங்கே திருப்பி, வின்ச்சை ஒதுக்கமாகப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. பலம் ஒரு கிலோகூட ஏறாது. உயிர் மட்டும் ஒதுங்கிக்கொள்கிறது.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கயிறு செங்கோணத்தில் திரும்பினால் கப்பி கட்டிய மரத்துக்கு இழுவையைப் போல 1.4 மடங்கு பாரம், முழுசாக வந்த வழியே திரும்பினால் இரண்டு மடங்கு. இது தெரியாமல் எட்டு வருஷத் தென்னம்பிள்ளையில், அதுவும் நெஞ்சு உயரத்தில், கப்பியைக் கட்டி, வின்ச்சைக் கிட்டத்தட்டப் பின்னோக்கி வைத்து இழுத்தேன். வாடல் மரம் அசையவில்லை. பிள்ளை மண்ணைக் கிளப்பிக்கொண்டு சாய்ந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த மாமா, "மரத்தைச் சாய்க்கச் சொன்னா பிள்ளையைச் சாய்ச்சுட்டியே மாப்ள" என்றார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்போதெல்லாம் வரப்பில் பனை இருந்தால் பனைதான், அதுவும் தரையை ஒட்டி. தென்னையில் கட்ட வேண்டி வந்தால் சாக்கைச் சுற்றி, அகலப் பெல்ட்டில் மாட்டுகிறேன், ஏனென்றால் தென்னையில் பட்ட காயம் மா, வேம்பு மாதிரி மூடி ஆறாது. கயிறு மடங்கும் உள்பக்கத்தில் யாரையும் நிற்கவிடுவதில்லை. கப்பிக்கட்டு அறுந்தால் கயிறு நேராகப் பாய்வது அந்த வழியில்தான்.

எந்தக் கயிறு? கயிற்றுக்கடையில் கிடைக்கும் நைலான் இழுபட்டு நீளும், அந்த நீளத்தில் பலத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும். நனைந்தால் பலமும் குறையும். மிதவைக் கயிறு (தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு) வெயிலில் கிடந்து பொடியும். தேங்காய்நார்க் கயிற்றை வழிகாட்டிக் கயிறாக வைத்துக்கொள்ளலாம், இழுவைக்கு ஆகாது. கம்பிக்கயிறுதான் சரி, நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போர்த்தினால் அறுந்தாலும் பறக்கும் வேகம் குறையும். கண்ணி போட்டுக் கிளாம்ப் மாட்டும்போது மூன்றுக்குக் குறையாமல் மாட்டுங்கள். வளைந்த யு-போல்ட் வால்பக்கத்தில் (மடக்கிவிட்ட வெட்டுமுனைப் பக்கம்) விழ வேண்டும், இழுவைப்பக்கத்தில் விழுந்தால் கம்பியை நசுக்கிவிடும். இதைத் தலைகீழாக மாட்டுபவர்கள்தான் அதிகம்.

கூரைப் பக்கமோ கரண்டு கம்பிப் பக்கமோ சாய்ந்த மரத்துக்கு இந்த மூன்றில் எதையும் நான் கட்டுவதில்லை. இரண்டு பக்கமும் தாங்கு கயிறு கட்டி விட்டுவிட்டு இழுக்கலாம் என்பார்கள். மூன்று கயிற்றையும் மூன்று பேர் ஒரே மனசாகப் பிடிக்க வேண்டுமே! தூர் நல்லதாக இருந்தால் இபி-யில் சொல்லிக் கரண்டை நிறுத்திவிட்டு, ஆளை ஏற்றி மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்குகிறேன். தூர் உளுத்திருந்தால் கிரேன்தான், செலவானால் ஆகட்டும்.