மகளுக்குப் போட்ட டைஃபாய்டு ஊசி

பதினோரு வயதில் எனக்கு டைஃபாய்டு வந்து முழுப் பரீட்சையே எழுதவில்லை. வாரக்கணக்கில் கஞ்சிதான். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதை அம்மா இன்னமும் சொல்வார். அதனால் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும், அம்மை ஊசிக்குப் போன அன்றே டைப்பார் டிசிவி என்ற டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டு வந்தோம். ஹைதராபாத் பாரத் பயோடெக் தயாரிப்பு. தொடையில் அரை மில்லி, ஒரே ஊசி. அன்று இரவு தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன், காய்ச்சல் வரவில்லை. காலையில் வழக்கம்போலத் தவழ ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கு முன் வேறொரு கிளினிக்கில், "ரெண்டு வயசு ஆகட்டும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அது பழைய ஊசிக்குச் சொல்லும் கணக்கு. நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவள் என்பதால் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். டைஃபாய்டு கிருமி தன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளை ஒரு போர்வைபோலப் போர்த்தியிருக்கிறது. பழைய ஊசியில் அந்தச் சர்க்கரை மட்டும்தான். கைக்குழந்தையின் உடம்பு அதைச் சட்டை செய்யாது. பெரியவர்களுக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். இதில் அதே சர்க்கரையை டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். புரதம் துணைக்கு வந்ததும் குழந்தையின் உடம்பும் கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. எவ்வளவு அழகான வேலை! நேபாளத்தின் லலித்பூரில் சுமார் 20,000 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையில், ஊசி போட்டவர்களிடம் டைஃபாய்டு 81.6 சதவீதம் குறைவாக இருந்தது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பல மருந்துகளுக்கும் அடங்காத டைஃபாய்டு பரவியபோது, 2019-ல் பிள்ளைகளுக்குப் போட்டதும் இதைத்தான்.

இதிலுள்ள சர்க்கரை கிருமியை வளர்த்துப் பிரித்தெடுத்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு படி மேலே போய், சீதபேதி தரும் ஷிகெல்லா கிருமியின் சர்க்கரையை, 15 கண்ணிகள் கொண்ட சங்கிலியாக, ஆய்வகத்திலேயே கோத்துத் தடுப்பூசி செய்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ஆட்களுக்குப் போட்டும் பார்த்தார்கள். அது கடைக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

குறை என்றால் விலைதான். டாக்டர் கட்டணமும் சேர்த்து 2,200 ரூபாய் ஆனது. அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் இது இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் பேரனுக்கு அடுத்த மாதம் ஒன்பது முடிகிறது. தெருக்குழாய்த் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளை, என் மகளைவிட அவனுக்குத்தான் இது அவசரம். அவனையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.