‘இங்கிலாந்து ராலி பிரேக்’ என்று விற்கிறார்கள், முத்திரையை நம்பிவிடாதீர்கள்

பழைய சைக்கிளுக்கு உதிரிபாகம் தேடுகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் தாத்தாவின் ராலி, இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்து கப்பலில் வந்த சைக்கிள். பிரேக்குக்குக் கேபிள் கிடையாது, கைப்பிடி முதல் சக்கரம் வரை எல்லாம் இரும்புக் கம்பிதான். பின் சக்கரத்தில் பிரேக் கட்டைகளைத் தாங்கி, லாடம்போல் வளைந்திருக்கும் பகுதி துருவேறி முறிந்துவிட்டது. அதற்காகத்தான் ஒரு பழம்பொருள் வியாபாரியை நாடினேன்.

“நாட்டிங்காம் அசல் சரக்கு” என்றார். கூடவே, பிரேக் கேபிளைக் கண்டுபிடித்த போடன்தான் ராலியையும் தொடங்கினார் என்று ஒரு கதையும் சொன்னார். 1888இல் ராலி கம்பெனியை நிறுவியவர் பிராங்க் போடன். 1896இல் கேபிளுக்குக் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மானிங்டன் போடன். இருவரும் வேறு வேறு ஆட்கள். அது எனக்குத் தெரிந்திருந்தும், பேச்சுவாக்கில் வந்த பிழை என்று விட்டுவிட்டேன். 6,500 ரூபாய் அனுப்பினேன்.

பொருள் வந்ததும் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அதை வெயிலில் பிடித்து, ‘மேட் இன் இங்கிலாந்து’ எழுத்துகளின் மேல் நகத்தை ஓட்டினார். சுற்றிலும் குரோமியம் பளபளக்க, எழுத்துப் பள்ளங்களுக்குள் மட்டும் துரு. தொழிற்சாலையில் முதலில் முத்திரை குத்துவார்கள், பிறகுதான் முலாம் பூசுவார்கள். பள்ளத்துக்குள்ளும் முலாம் இறங்கியிருக்கும். இதில் முலாமைக் கிழித்துக்கொண்டு எழுத்து இறங்கியிருந்தது. பின்புறத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம். அந்தத் தடத்தின் ஓரத்தில் ‘இந்தியா’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் தப்பிப் பிழைத்திருந்தன.

இந்தியப் பொருள் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. அசன்சோலில் சென்-ராலி ஆலை ராலி சைக்கிள்களைச் செய்தது. பர்மிங்காம் கூட்டோடு 1949இல் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. நம் ஊர்களில் மூட்டை மூட்டையாக நெல்லும் பால் கேனும் சுமந்தவை அந்தச் சைக்கிள்கள்தாம். உண்மையைச் சொல்லியிருந்தால் உரிய விலை கொடுத்து மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். செய்தவர்களின் ஊரை அரத்தால் அழித்துவிட்டு வேறோர் ஊரைக் குத்தியிருக்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொருத்திப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இந்த வகை பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை. ஆரக்கம்பிகளுக்கு இருபுறமும் ரிம்மின் உட்பரப்பில் அழுந்த வேண்டும். இந்த லாடத்தின் அகலம் என் சக்கரத்துக்கு ஒத்துவரவில்லை. ஒரு கட்டை பாதி வெளியே நின்றது, மற்றது ஆரக்கம்பியை உரசியது. இறக்கத்தில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வியாபாரியைக் கேட்டேன். “பழைய பொருள் அப்படித்தான் இருக்கும், திரும்ப எடுப்பதில்லை” என்றார். அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

வாங்குவதற்கு முன் முத்திரையை வெயிலில் வைத்து நெருக்கமாக எடுத்த படம் கேளுங்கள். பின்புறப் படமும் கேளுங்கள். இரண்டு கட்டைகளின் நடுவுக்கு நடு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்லச் சொல்லி, உங்கள் ரிம்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

என்னிடம் உள்ள முத்திரையில் முதல் எழுத்து இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அதே சாய்வோடு இன்னும் நான்கு லாடங்களை அவர் இன்று விற்பனைக்கு வைத்திருக்கிறார்.