ஞாயித்துக்கிழமை பறை கிளாஸ்: சேரலாமான்னு கேக்கறவங்களுக்கு என் ரிவ்யூ

சென்னைல பறை கத்துக்க எங்க போலாம்னு நிறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் நான் போயிட்டு இருக்கற கிளாஸ பத்தி விவரமா எழுதிடலாம்னு. பேரு போடல, விளம்பரம் வேணாம்னு ஆசானே சொல்லிட்டாரு, கூட்டம் ஜாஸ்தியாயிட்டா ஒவ்வொருத்தர் கையையும் நின்னு பாத்து திருத்த முடியாதுன்னு அவருக்கு கவலை. ஒரு மாநகராட்சி கிரவுண்டுல ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள முடிச்சிடுவாங்க, மாசம் 600 ரூபா, காலேஜ் பசங்களுக்கு பாதி, தினக்கூலிக்கு போறவங்க கிட்ட வாங்கறதே இல்ல. காச கையில வாங்க மாட்டாங்க, ஓரமா ஒரு தகர டப்பா இருக்கும் அதுல போட்டுட்டு வந்துடணும், யாரு போட்டா யாரு போடலன்னு யாருக்கும் தெரியாது. இத முதல்லயே சொல்றதுக்கு காரணம் இருக்கு, பீஸ் கட்டினவன் கஸ்டமர் கட்டாதவன் இனாம்னு ஒரு கோடு உள்ள விழுந்துட்டா அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் ஒண்ணா ஆடினாலும் அந்தக் கோடு அழியாது.

பறை அங்கயே குடுப்பாங்க, வாங்கிட்டுதான் வரணும்னு இல்ல. மூணு மரத்துண்ட வளைவா செதுக்கி நடுவுல தகடு வச்சு இணைச்ச வட்டச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல். வலது கைக்கு குட்டையா தடியா அடிக்குச்சி, இடது கைக்கு நீளமா மெல்லிசா மூங்கில்ல சீவின சிண்டுக்குச்சி. தோள்ல நாடாவ மாட்டி உடம்போட அணைச்சு நின்னுக்கணும், இடது கை சட்டத்தோட மேல் விளிம்பயும் புடிச்சிட்டே குச்சியையும் ஆட்டணும், அதனால ஆரம்பத்துல கட்டைவிரல் பயங்கரமா வலிக்கும், அது எல்லாருக்கும் வர்றதுதான் பயந்துடாதீங்க. இப்ப நிறைய இடத்துல பைபர் ஷீட் போட்ட பறைதான் வச்சிருக்காங்க, மழைக்கு பயமில்ல காய்ச்ச வேண்டியதில்ல, ஆனா சத்தம் காதுல ஊசி மாதிரி குத்தும். இங்க ரெண்டும் இருக்கு, ஆனா தோல் பறைலதான் ஆரம்பிக்கணும்ங்கறதுல ஆசான் ரொம்ப பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் ஏன்னு எனக்கு போகப்போகத்தான் புரிஞ்சுது. தோல் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், நம்ம ஊரு கடல் காத்துக்கு ஒரே ராத்திரில தொய்ஞ்சு போயி அடிச்சா தொப்பு தொப்புன்னுதான் கேக்கும், மார்கழி பனின்னா கேக்கவே வேணாம். அனல்ல காட்டினா ஈரம் போயி தோல் இறுகும், அப்பதான் கணீர்னு வரும். அதனால கிளாஸ் ஆரம்பிக்கறதே தீ மூட்டறதுலதான், காய்ஞ்ச ஓலை பழைய பேப்பர் எது கிடைக்குதோ அத போட்டு மூட்டி எல்லாரும் சுத்தி குந்திக்கிட்டு பறைய திருப்பித் திருப்பி காட்டணும். காய்ச்சறத எல்லாரும் செய்யணும்ங்கறது இங்க ரூல், எனக்கு வேலையிருக்கு நீங்க காய்ச்சி வைங்க வந்து அடிக்கறேன்னு சொல்லவே முடியாது. பேங்க்ல ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தரும் துப்புரவு வேலைக்கு போற ஒரு அக்காவும் பக்கத்து பக்கத்துல உக்காந்து காய்ச்சறத பாத்திருக்கேன், "கருகுது தோழர், திருப்புங்க திருப்புங்க"ன்னு அந்தக்கா அதட்ட அவரு "சரிங்கம்மா"ன்னு சொல்லி டக்குனு திருப்பறாரு. அவங்க தெருவுலயே அவரு இருந்திருந்தா கூட இந்த மாதிரி ஒரு பேச்சு ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்திருக்கும்னு எனக்கு தோணல. பைபர் பறைனா இந்த அரை மணி நேரமே கிடையாது, நேரா வந்து அடிச்சிட்டு நேரா கெளம்பிடுவாங்க.

சொல்லிக் குடுக்கற விதம் பத்தி சொல்லணும். முதல்ல வாயால, அப்புறம் காலால, கடைசிலதான் கைக்கு வரும். அடின்னா ஒரு தாளக்கட்டு, அத வாயால சொல்ற தாளச்சொல்ல எல்லாரும் சேந்து வாய்விட்டு சொல்லணும், அது நாக்குல உக்காந்ததும் அதுக்கேத்த மாதிரி காலெடுத்து வைக்கணும், காலும் வாயும் சேந்த பிறகுதான் குச்சிய கையில குடுப்பாரு. பறையாட்டத்துல அடிக்கறவங்கதான் ஆடறவங்க, ஒருத்தன் உக்காந்து வாசிக்க இன்னொருத்தன் ஆடறதுங்கறது இல்ல, அதனால கால் தப்பினா அடியும் தப்பிடும். யூட்யூப் பாத்து கை மட்டும் பழகிட்டு வந்தவங்க இங்க வந்து ரொம்ப திணறுறாங்க, பொறுமையா இருங்க வந்துடும். ஆசான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், "உன் கையப் பாக்காத, பக்கத்துல நிக்கறவரு குதிகாலப் பாரு." சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, மருளடி, வாழ்த்தடின்னு ஒவ்வொண்ணா வரும், ஒவ்வொண்ணும் எந்த இடத்துல எதுக்கு அடிக்கறதுன்னு சொல்லிட்டுத்தான் அடுத்ததுக்கு போவாரு.

வட்டத்துல நிக்க வச்சதுக்கு அப்புறம் வேற ஒண்ணு நடக்கும். அடி மாத்தறதுக்கு யாராவது ஒருத்தர் சைகை காட்டணும், அந்த ஆள் அடிக்கடி மாறிட்டே இருப்பாங்க, எல்லார விட நல்லா அடிக்கறவனுக்கே அந்த எடம் எப்பவும் கிடைக்காது. நல்லா வேகமா அடிக்கற ஒரு பையன் இருக்கான், சரியான திறமை, அவன் வேகத்த ஏத்திட்டே போனா பின்னாடி அறுபது வயசு அம்மா ஒருத்தங்க மூச்சு வாங்கறாங்க, ஆசான் ஆட்டத்த நிறுத்தவே இல்ல, அந்தம்மாவ கூட்டிட்டு வந்து முன்னாடி நிக்க வச்சு "இவங்க காலுக்கு அடி"ன்னு அவன் கிட்ட சொன்னாரு, அவ்ளோதான். அன்னிக்கு அவன் அடிச்சது மாதிரி அழகா நான் அதுக்கு முன்னாடி அவன் அடிச்சு கேட்டதில்ல. மெதுவா அடிக்கறதுக்கு கையில எவ்வளவு கட்டுப்பாடு வேணும்னு பறை புடிச்சவங்களுக்கு தெரியும்.

ஒண்ணா ஆடினா மனசு ஒட்டும்ங்கறது வெறும் பேச்சு இல்ல, 2015ல ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் பிரேசில்ல ஸ்கூல் பசங்கள வச்சு பாத்திருக்காங்க, ஒரே அசைவ ஒரே நேரத்துல சேந்து ஆடின குரூப்புக்கு வலி தாங்கற சக்தியும் கூடிருக்கு, ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நெருக்கமும் கூடிருக்கு. ஆனா என் கருத்து என்னன்னா அந்த நெருக்கம் வேர்வை காயற வரைக்கும்தான். கோயில் திருவிழால எல்லாரும் ஒரே மேளத்துக்குத்தான் ஆடறாங்க, மறுநாள் காலைல டீக்கடைல யாரு பெஞ்சுல உக்காரலாம் யாரு நின்னுட்டே குடிக்கணும்ங்கறது பல ஊர்ல மாறினதில்லையே. அதனால ஆட்டம் முடிஞ்சதும் நடக்கற அரை மணி நேரப் பேச்சுக்காகத்தான் இந்தக் கிளாஸுக்கு நான் இவ்வளவு மார்க் போடறேன்.

ஆட்டம் முடிஞ்சு சுக்குமல்லி காப்பி வரும், தரையில உக்காந்து பேசுவோம். சங்க காலத்துல ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை இருந்துச்சு, குறிஞ்சிக்கு தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்கு துடி, இதெல்லாம் சொல்லும்போது எல்லாருக்கும் பெருமையாத்தான் இருக்கும். ஆனா அதோட நிறுத்திட்டா அது தப்பான வரலாறு. எல்லாருக்கும் பொதுவா இருந்த வாத்தியத்த பின்னாடி ஒரே சாதி தலைல கட்டி, சாவு வீட்டுல அடிக்கறது உன் கடமைன்னு ஆக்கி, அடிச்சவங்கள வாசல்ல நிக்க வச்சு, குடிக்கற தண்ணிய கூட தூக்கி ஊத்தினாங்க. அதனாலதான் இனிமே அடிக்க மாட்டோம்னு பறைய கீழ வச்ச ஊருங்களும் இருக்கு, அது ஒரு போராட்டம். அதே பறைய விடுதலைக்கான வாத்தியம்னு திரும்ப கையில எடுத்தவங்களும் இருக்காங்க, அதுவும் போராட்டம்தான். ஆசான் ரெண்டையும் சொல்றாரு, ஒண்ண உசத்தி ஒண்ண தாழ்த்தி பேச மாட்டாரு, அவங்க குடும்பத்துலயே பறைய கீழ வச்சவங்களும் உண்டு, அவரு திரும்ப எடுத்தவரு.

ஆம்பளைங்க மட்டும்தான் அடிக்கணும்னு இருந்தத உடைச்சவங்க கதையும் வரும். திண்டுக்கல்ல சிஸ்டர் சந்திரா 1990ல ஆரம்பிச்ச சக்தி கலைக்குழுல தலித் பொண்ணுங்க பறைய தோள்ல மாட்டிட்டு ஆடினாங்க, இன்னிக்கு எங்க கிளாஸ்ல இவ்வளவு பொண்ணுங்க சாதாரணமா வந்து நிக்கறாங்கன்னா அதுக்கு முன்னாடி யாரோ பேச்சு வாங்கிருக்காங்க. புத்தர் கலைக்குழுன்னு பறையாட்டக் குழு நடத்தற மணிமாறன் மகிழினி பத்தி பேசாத வாரமே இல்ல. மதுரை பக்கம் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல பத்மஸ்ரீ அறிவிச்சப்ப நிறைய பேரு கண்கலங்கிட்டாங்க, அந்த விருது ஒருத்தருக்கு மட்டும் வந்ததா யாருமே நினைக்கல.

மேடைங்கள பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா அத பாத்துதான் பாதி பேரு இந்தப் பக்கம் வர்றாங்க. 2015ல பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல மீனவ மக்களோட சேந்து ஆரம்பிச்ச விழால கர்நாடக சங்கீதமும் பரதமும் சபாவ விட்டு குப்பத்துக்கு வந்துச்சு, 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு மேடை ஏறினப்ப கானா ராப் ராக் பறை எல்லாம் ஒண்ணா, எல்லாரும் ஒரே மாதிரி சூட் போட்டு நின்னாங்க, சாவு வீட்டுக்குத்தான்னு ஒதுக்கி வச்ச பாட்டும் அடியும் அப்படி நிமிந்து நின்னத பாத்தது இந்த நகரத்துக்கே பெரிய விஷயம். கதவ திறந்து விட்டது அந்த மேடைங்கதான். உள்ள வந்து பழகறதுக்கு வாராவாரம் வர்ற கிளாஸ்தான் வேணும்.

கிரவுண்ட் பக்கத்துல ஒரு பெரிய அபார்ட்மெண்ட் இருக்கு. அங்கருந்து காலங்காத்தால சாவு மேளம் அடிக்கறாங்கன்னு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு. சத்தம்னா சத்தம்னு சொல்லிருக்கலாம், நேரத்த மாத்திக்கங்கன்னு கேட்டிருக்கலாம், அது நியாயம். ஆனா போகி அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே அதே வீட்டு குழந்தைங்க போகி மேளத்த போட்டு தட்டித் தீக்கறாங்க, அது சந்தோஷம், எங்களுது மட்டும் சாவா? நாங்க கோவத்துல கொதிச்சிட்டு இருந்தோம், ஆசான் வேற மாதிரி யோசிச்சாரு, ரெண்டு பேர அனுப்பி போகிக்கு மறுநாள் குழந்தைங்கள கூட்டிட்டு வாங்க நாங்க அடி சொல்லித்தர்றோம்னு அழைச்சாரு. எல்லாரும் வரல. வந்த குழந்தைங்க கிட்ட பறைய குடுத்து வாழ்த்தடி சொல்லிக் குடுத்தாரு, கூட வந்த ஒரு பாட்டி கடைசில ஆசான் கிட்ட "நீங்க எந்த ஊருப்பா"ன்னு ஆரம்பிச்சு ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. கம்ப்ளெய்ண்ட் முழுசா நிக்கல, ஆனா இப்ப அந்த வார்த்தைய சொல்றதில்ல, ஏழு மணிக்கு மேல அடிங்கன்னு மட்டும் கேட்டாங்க, நாங்களும் ஒத்துக்கிட்டோம். அதுவரைக்கும் காய்ச்சறதும் வாயால சொல்றதும்தான்.

குறைங்களும் இருக்கு. பாத்ரூம் வசதி சுத்தமா இல்ல, பொண்ணுங்களுக்கு இது பெரிய கஷ்டம், பக்கத்துல ஒரு தோழர் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கு, இத சரி பண்ணாம இன்னும் ஆள் சேக்கக்கூடாதுங்கறது என் உறுதியான கருத்து. மழை வந்தா கிளாஸ் கேன்சல், அந்த மெசேஜ் வாட்ஸப்ல காலைல ஆறு மணிக்குத்தான் வரும், தாம்பரத்துலருந்து கெளம்பி வர்றவங்க பாவம். புதுசா வர்றவங்களுக்கு தனி பேட்ச் கிடையாது, பழைய ஆளுங்களோடயே நிக்கணும், கூச்சப்படறவங்களுக்கு ஆரம்பம் கஷ்டமா இருக்கும். முட்டி வலி இருக்கறவங்க முன்னாடியே சொல்லிடுங்க, குதிக்கற அடவு இல்லாம வேற காலடி சொல்லித் தருவாரு.

யாருக்கு ஒத்து வராதுன்னும் சொல்லிடறேன். ரீல்ஸ் எடுக்க ரெண்டு அடி கத்துக்கணும்னு வர்றவங்களுக்கு சரிப்படாது, அடிக்கும்போது போன் எடுக்க விட மாட்டாங்க. சான்றிதழ் வேணும்னாலும் கிடையாது. சாவு அடி மட்டும் வேணாம் மத்ததெல்லாம் கத்துக்கறேன்னு சொல்றவங்க கிட்ட ஆசான் திட்ட மாட்டாரு, ஆனா ஒத்துக்கவும் மாட்டாரு, "எங்க அப்பா அத அடிச்சுத்தான் என்ன படிக்க வச்சாரு, அத விட்டுட்டு மிச்சத்த மட்டும் எப்படி குடுக்கறது"ன்னு கேப்பாரு. எனக்கு தெரிஞ்சு அப்படி கேட்டு வந்த ஒருத்தர் இப்ப அந்த அடியத்தான் எல்லார விட நிதானமா அடிக்கறாரு.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை பாத்ரூமுக்காக கழிச்சது. வரும்போது நாடாவுக்கு அடில வைக்க ஒரு பருத்தித் துண்டு, தண்ணி பாட்டில், இறுக்கமில்லாத டிரஸ் போதும், செருப்பு ஷூ ரெண்டும் வேணாம்.

கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, ஆபீஸ் பொங்கலுக்கு இந்தக் குழுவ கூப்பிடலாமான்னு சிலர் கேட்டிருந்தீங்க. கூப்பிடலாம், வருவாங்க. தொகைய முன்னாடியே பேசி பாதி குடுத்துடணும், போக வர வண்டிச்செலவு தனி, எத்தன மணிக்கு முடியும்னு சொல்லிடணும், அடிக்கறவங்க மேல நோட்ட விசிறக்கூடாது, வாங்க போங்கன்னுதான் பேசணும், சாப்பாடு விருந்தாளிங்க உக்கார்ற அதே பந்தில இலை போட்டு பரிமாறணும். இந்தக் கடைசி கண்டிஷனுக்கு தயங்கின ஒரு வீட்டு விசேஷத்த போன்லயே வேணாம்னுட்டாங்க, அது நல்ல காசு வர வேண்டிய நிகழ்ச்சி, குழுல அன்னிக்கு ஒருத்தர் கூட அதுக்கு வருத்தப்படல.