பெங்களூரில் எஸ்.டி.பி. வாங்கப் போகிறீர்களா? ஒரு ரத்த மையத்தின் நிறை குறை

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்குப் பெங்களூரு வரும் குடும்பங்களிடம் ஒருநாள் டாக்டர் சீட்டை நீட்டுவார்: “எஸ்.டி.பி. ஒரு யூனிட்.” ஒரே டோனரிடமிருந்து எடுக்கும் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், என்று அதற்கு அர்த்தம். எந்த பிளட் பேங்க்குக்கு ஓடுவது என்று அப்போதுதான் தேட ஆரம்பிப்பார்கள். தென் பெங்களூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ரத்த மையத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். பெயர் வேண்டாம், இங்கே காணும் குறை வேறு மையங்களிலும் இருப்பதுதான். சேமிப்பு அறைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பையைக் கொடுத்தனுப்பும் கவுன்டருக்குப் பாதிகூடக் கொடுக்க முடியாது.

முதலில் சேமிப்பு அறை. பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரிக்குள், ஓயாமல் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே இன்குபேட்டருக்குள் இருக்கும் அஜிடேட்டரின் (ஆட்டும் கருவியின்) தட்டுகள் நிமிடத்துக்கு 60, 70 முறை பக்கவாட்டில் அசைகின்றன. பைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரே அடுக்காகப் படுத்திருக்கின்றன. இது அழகுக்காக அல்ல. பையின் பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் உள்ளே போய், கார்பன் டை ஆக்சைடு வெளியே வர வேண்டும். ஆட்டம் நின்றாலோ, மேலே இன்னொரு பை அழுத்தினாலோ உள்ளே ஆக்சிஜன் குறைந்து லாக்டிக் அமிலம் சேரும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 6.2-க்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தப் பையால் பயனில்லை. வெப்பநிலைப் பதிவும் அலாரமும் வேலை செய்கின்றன. மின்சாரம் போனாலும் ஆட்டம் நிற்பதில்லை.

பையை வெளியே தருமுன் டெக்னீஷியன் அதை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சாய்க்கிறார். நல்ல பிளேட்லெட் என்றால் உள்ளே பட்டுத்துணி மடிவதுபோல மினுமினுப்பு சுழலும். தட்டு வடிவம் கெட்டு உருண்டையாகிவிட்டவை மங்கலாக, அசைவே தெரியாமல் நிற்கும். யாரும் கேட்காமலே ஒவ்வொரு பைக்கும் இதைச் செய்கிறார்கள். நீங்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

22 டிகிரி பாக்டீரியாவுக்கும் சுகமான சூடுதான். பிளேட்லெட் பையின் ஆயுளை 5 நாளோடு நிறுத்துவதற்கு அது முக்கியக் காரணம். ஊசி குத்தும்போது தோலிலிருந்து வரும் கிருமி பைக்குள் போகாதபடி, முதலில் வரும் சுமார் 30 மி.லி. ரத்தத்தைத் தனிச் சிறு பையில் பிரித்துவிடும் கிட்டைத்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள். பையில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைப் பதிவேட்டையும் கேட்டால் காட்டுகிறார்கள். சட்டப்படி கட்டாயமான எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகளோடு கிருமியின் மரபணுவையே தேடும் நாட் (NAT) சோதனையும் உண்டு. தொற்று ஏற்பட்டும் சோதனையில் தெரியாத இடைவெளி நாட்களை அது குறைக்கிறது. அதன் கட்டணம் பில்லில் தனியாக வரும், கொடுப்பதற்குத் தகும்.

டோனர் வந்ததிலிருந்து பை கைக்கு வர நாலைந்து மணி நேரம் ஆகிறது. சாம்பிள் எடுத்து, சோதனை முடிவு வந்த பிறகுதான் எஃபெரிசிஸ் இயந்திரத்தில் (பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுத்து மீதி ரத்தத்தை டோனருக்கே திருப்பிவிடும் இயந்திரம்) உட்கார வைக்கிறார்கள். அதைத் தாமதம் என்று சண்டை போட வேண்டாம். டோனருக்கு 50 கிலோ எடை, ஒன்றரை லட்சத்துக்கு மேல் பிளேட்லெட் கவுன்ட் (எண்ணிக்கை), முழங்கை மடிப்பில் நல்ல நரம்பு வேண்டும். கடந்த 3 நாளில் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். இயந்திரத்தில் உதடு சுருசுருவென்றால் உடனே சொல்லச் சொல்லுங்கள், கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். நோயாளியின் அண்ணன், தம்பி, பிள்ளைகளிடம் எடுத்தால் பைக்கு 25 கிரே கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உறவினரின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் அபாயம் உண்டு. அந்தக் கருவி இங்கே இல்லை, வெளியே அனுப்பி வாங்குகிறார்கள். ஆகவே நண்பரையோ அக்கம்பக்கத்தவரையோ அழைத்துப் போவது நல்லது.

டெங்கு சீசனில் இங்குள்ள டாக்டர் “ரத்தக்கசிவு இருக்கிறதா, கவுன்ட் எவ்வளவு?” என்று கேட்காமல் பை தருவதில்லை. கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் கேட்பதுதான் சரி. கசிவு இல்லாதவருக்கு, கவுன்ட் 10,000-க்கு மேல் இருக்கும்போது, எண்ணைப் பார்த்துப் பயந்து ஏற்றுவதால் பெரும்பாலும் பலனில்லை.

இனி கவுன்டர். சிவப்பணுப் பையையும் பிளேட்லெட் பையையும் ஒரே தெர்மோகோல் பெட்டியில், ஐஸ் ஜெல் பாக்கெட்டோடு போட்டுக் கொடுக்கிறார்கள். சிவப்பணுவுக்கு 2 முதல் 6 டிகிரி வேண்டும். அதே குளிர் பிளேட்லெட்டின் வடிவத்தை மாற்றிவிடும்; உடலுக்குள் போனதும் கல்லீரல் அவற்றை வேகமாக அகற்றிவிடும். ஏற்றிய பிறகும் கவுன்ட் ஏறாது. எஸ்.டி.பி. ஒன்று சாதாரணமாக 30,000 முதல் 50,000 வரை ஏற்ற வேண்டும்; ஏறவில்லை என்றால் வார்டில் காய்ச்சலையும், பிளேட்லெட்டைத் தாக்கும் ஆன்டிபாடிகளையும் சந்தேகிப்பார்கள், பெட்டியை யாரும் நினைக்க மாட்டார்கள். இத்தனை கவனமாகக் காத்த பையைக் கடைசி அரை மணியில் கெடுப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஐஸ் இல்லாத தனிப் பெட்டி கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள், தாமாகத் தருவதில்லை. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒரு மணி நேரம் ஆடாமல் இருந்தால் பை கெடாது. கார் டாஷ்போர்டு வெயிலும், வார்டு ஃபிரிட்ஜும்தான் ஆபத்து.

வார்டில் வடிகட்டி உள்ள புதிய செட் போட்டு உடனே ஏற்றச் சொல்லுங்கள். எப்படியும் 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பையையும் செட்டையும் குப்பையில் போட விடாதீர்கள், மையத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பை டேக்கில் உள்ள போன் எண்ணுக்கு அழைத்தால் இரவிலும் எடுக்கிறார்கள்.

இரவு 10 மணிக்குப் பிறகு எஃபெரிசிஸ் கிடையாது. டோனரை மாலை 4 மணிக்குள் உட்கார வைத்தால்தான் அன்றைக்கே பை கிடைக்கும்.