கேனில் 12.5 சதவீதம், உள்ளே 2.5

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான டோங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்தபோது, மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்காக வாளியோடு நின்றவர்கள் நாங்கள். அதன்பிறகுதான் வீட்டுக்குப் பின்னால் 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி வைத்தோம். கூரையில் விழும் மழைநீர் என்பதால் குளோரின் கலக்காமல் குடிப்பதில்லை.

சென்ற மாதம் ஒரு புதிய கடையில் ஐந்து லிட்டர் குளோரின் கேன் வாங்கினேன். சீட்டில் 12.5 சதவீதம் என்றிருந்தது. அப்படியென்றால் 100 மில்லியில் 12.5 கிராம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டும். 2,500 லிட்டருக்கு 5 கிராம். அதற்கு 40 மில்லி போதும். ஊற்றி அரை மணி நேரம் கழித்து, நீச்சல்குளக்காரர்கள் பயன்படுத்தும் மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு வரவேண்டும். வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தும் நீர் பளிங்காகவே இருந்தது.

கடைக்காரர் அசரவில்லை. "குளோரின் மிஞ்சினாலும் நிறம் வெளுத்துவிடும், அக்கா. கூடுதலாக ஊற்றியிருப்பீர்கள்." அரை உண்மைதான் ஆளை மடக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நிறம் வெளுக்கத்தான் செய்யும். ஆனால் என் தொட்டியில் 10 வர 200 மில்லி ஊற்றியிருக்க வேண்டும்!

வீட்டுக்கு வந்து மருந்து ஊசிக்குழலில் 10 மில்லி எடுத்து, புட்டித் தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒரு லிட்டராக்கினேன். நூறில் ஒன்றாகிவிட்டது: லிட்டருக்கு 1,250 மில்லிகிராம் இருக்க வேண்டும். அதில் 4 மில்லியை மறுபடி ஒரு லிட்டராக்கினால் 5 மில்லிகிராம். அதே மாத்திரையைப் போட்டுப் பார்த்தபோது நிற அட்டையில் ஒத்துப்போனது 1. இரண்டாம் முறையும் அதே 1. ஐந்தில் ஒரு பங்கு வீரியம், அதாவது 2.5 சதவீதம்.

வெயிலில் வீரியம் குறைந்திருக்கும் என்றார் கடைக்காரர் அடுத்து. குளோரின் திரவம் வெப்பத்தில் கெடும், மறுக்கவில்லை. "இந்த வாரம் வந்த சரக்கு" என்று விற்றவரும் அவர்தானே? பணம் திரும்பவில்லை.

ஐந்து மடங்கு ஊற்றிச் சமாளிக்கலாமே என்கிறார் என் கணவர். அடுத்த கேனில் எத்தனை மடங்கு என்று யார் சொல்வார்கள்? பக்கத்து வீட்டுப் பாட்டியும் அதே கடையில் வாங்கி, இரண்டு வாரமாக மூடியளவு ஊற்றிக் குடித்துவந்திருக்கிறார். அவர் தொட்டி நீரிலும் நிறம் வரவில்லை. இப்போதைக்குக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவருடைய கேனை எங்கள் வீட்டுக் குளியலறை கழுவ எடுத்து வந்துவிட்டேன்.